விலையும் கட்டுப்படியாக வேண்டும், நிம்மதியாகவும் இருக்க வேண்டும்: கிராமத்து வீட்டை எங்கிருந்து தேடுவது?

தும்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான்கு பேர். நான், கணவர், ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. எனக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை, அவர் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போனால் போதும். சம்பளத்தில் ஏறக்குறைய பாதி வாடகைக்கே போகிறது, மீதியில் சேமிப்பு என்று எதுவும் தேறுவதில்லை. பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அம்மா மாடிப்படி இறங்க முடியாமல் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. "ஒரு தடவை மண்ணில் கால் வைத்து நடக்கணும்" என்று அவர் சொல்லும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

ஆறு மாதமாக விடுமுறை நாட்களில் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்க்கிறோம். போகிற ஊரெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, வீடும் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் வழியில், இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார்கள் என்று மனதில் ஒரு நெருடல். எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுக்கொடுக்கலாம், எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது? போய்க் குடியேறியவர்களும் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கிணற்றடி சொன்னது:

தும்பி, உங்களுக்கு வந்த அந்த நெருடலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் இல்லாமல் எந்த வீடும் மலிவாக வராது. காரணத்தைக் கண்டுபிடித்து, அதோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியுமா என்று பார்ப்பதுதான் தேடலே. நகரத்திலிருந்து தூரம் அதிகம், அதனால் மலிவு என்றால், வாரம் இரண்டு நாள் மட்டும் போகிற உங்கள் வீட்டுக்காரர் சமாளித்துவிடுவார். பிழைப்பு இல்லாமல் இளவட்டங்கள் வெளியேறிய ஊர் என்றாலும், வேலையைக் கையோடு கொண்டுபோகிற உங்களுக்கு அது அவ்வளவு பெரிய குறையில்லை. தண்ணீர் இல்லை, வெள்ளம் வரும், பக்கத்தில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது, பத்திரத்தில் வில்லங்கம் என்றால் அது யாருக்கும் ஆகாது. அப்படிப்பட்ட வீட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. வரிசைப்படி எதைப் பார்ப்பது என்று கேட்டால் தண்ணீர், தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நாங்கள் முதலில் கிட்டத்தட்ட முடிவு செய்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. மனைவி எதற்கோ ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வந்து சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் இளமஞ்சள் நிறம், அடியில் செங்கல் பொடியைத் தூவினாற்போல் ஒரு படலம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு மேலே வரும்போது கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டு நேரம் ஆக ஆகத் துருவாக மாறிப் படியும். வடிகட்டி வைத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் அந்தச் செலவைப் பற்றி விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் பையில் ஒரு காலி பாட்டில் இருக்கும்.

இரும்பாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவைதான் மோசம். அதனால் கட்டாயம் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், இவற்றுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. சுற்றிலும் உரம் போட்டு விவசாயம் நடக்கிற இடத்தில் நைட்ரேட்டைத் தவறாமல் பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு இன்னும் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே 30 மீட்டராவது இருக்கிறதா என்று நடந்தே அளந்துவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்து.

அளவுக்கு ஒரு எளிய சோதனை. மோட்டாரைப் போட்டு 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 600 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் உங்களுக்கு 400 லிட்டர் போதும். ஆனால் ஒரு தடவை அளந்து முடித்துவிடாமல், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். முதல் வாளிக்கும் கடைசி வாளிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கிணற்றின் உண்மையான நிலைமை தெரியும். மழை முடிந்த கையோடு போய் அளக்காதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். வறட்சியின் கடைசி வாரங்களில் போங்கள்.

இரவுப்பணி சொன்னது:

நான் செவிலியர். அம்மா உங்களோடு வருகிறார் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், அதுவும் நடுராத்திரியில், மழையில். அம்மாவுக்கு இருக்கிற இரண்டு நோய்களும் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழி விடுபவை. மூளையில் ரத்தம் உறைந்து வருகிற பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் பக்கத்து ஊரில் சின்ன மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது, ஸ்கேன் வசதியும் இரவில் மருத்துவரும் இருக்கிற இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்க மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இதை நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

நான் பார்த்த அளவில் ஆம்புலன்ஸ் தாமதமாவது பெரும்பாலும் வழி தெரியாமல்தான். வீட்டுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை, கடைசி அரைக் கிலோமீட்டர் மண்பாதையில் வண்டி திரும்ப இடமில்லை. வீட்டைப் பார்க்கும்போது வாசலில் நின்று, இங்கே ஒரு பெரிய வண்டி வந்து திரும்புமா என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள்.

தினசரி மாத்திரை கிடைக்கும் இடம், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்கும் இடம், இவை அரை மணி நேரத்துக்குள் இருந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் என்றால் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போவோம்.

மூன்றுமுறை மாறியவன் சொன்னது:

கிணற்றடி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எடுத்த எடுப்பிலேயே வாங்குகிற பேச்சு எதற்கு? முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். இதில் நான் பிடிவாதக்காரன், ஏனென்றால் பட்டவன். எந்த ஊரும் நல்ல பருவத்தில் அழகாகத்தான் இருக்கும். மோசமான பருவத்தில் அங்கே தூங்கி எழுந்து பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய இடம், பார்த்த உடனே பிடித்துப் போய் வாங்கியது. குடிபோன நாலாவது மாதம் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட ஆரம்பித்தார். என் வீட்டுக்கு வரும் பாதை அவர் நிலத்தில் இருக்கிறது, எழுத்தில் எனக்கு எந்த வழி உரிமையும் இல்லை! பழைய உரிமையாளரும் இவரும் வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருந்ததை நம்பி நான் பணம் கொடுத்திருக்கிறேன். அவர் மேல் தப்பே இல்லை, அது அவர் நிலம். கடைசியில் பாதைக்குத் தனியாகப் பணம் கொடுத்து எழுதி வாங்கினேன். வீடு மலிவாகக் கிடைத்ததில் மிச்சப்பட்டது அதிலேயே போய்விட்டது. பொதுச்சாலையில் இருந்து உங்கள் வாசல் வரைக்கும் ஒவ்வொரு அடியும் யாருடையது, தண்ணீர்க் குழாய் யார் நிலத்தின் வழியாக வருகிறது, மின்கம்பம் எங்கே நிற்கிறது, எல்லாவற்றையும் தாளில் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

செலவுக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள். வாடகை பாதியாகக் குறையும், சரி. பேருந்து இல்லாத ஊர் என்றால் வண்டி இரண்டு வேண்டும், ஒன்று அவரோடு அலுவலகம் போய்விட்டால் அம்மாவை அழைத்துப்போக வீட்டில் இன்னொன்று. எரிபொருள், பழுது, கூரை ஒழுகல், மோட்டார் எரிவது, கரையான். பழைய வீட்டில் வருடத்துக்கு ஒன்றாவது காத்திருக்கும். பயணத்துக்கு ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் போல மனிதர்கள் தாங்குவார்கள் என்று செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதினார். தினமும் போகிறவர்களுக்கு நான் பார்த்ததும் அதுதான், அதைத் தாண்டினால் இரண்டாவது வருடத்தில் சலித்துவிடுகிறது. வாரம் இரண்டு நாள்தான் என்றால் ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம் வரை போகலாம் என்று நினைக்கிறேன்.

கம்பிவழி சொன்னது:

இணையம் பற்றி யாரும் சொல்லவில்லையே, உங்கள் சம்பளமே அதில்தான் வருகிறது. விற்கிறவர் "சிக்னல் சூப்பராக இருக்கும்" என்பார். வாசலில் இருக்கும், உள்ளே இருக்காது. தடித்த கல்சுவரும் தகரக் கூரையும் அலையை வெகுவாகத் தடுத்துவிடும். நீங்கள் மேசை போடப்போகிற அறையிலேயே நின்று, இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் பயன்படுத்துகிற நேரத்தில் வேகத்தைப் பாருங்கள், முக்கியமாக அனுப்பும் வேகத்தை.

செயற்கைக்கோள் இணையம் என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது என்றால் பேச்சு போய்த் திரும்பவே அரை விநாடிக்கு மேல் ஆகும், காணொளிக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பீர்கள். 550 கிலோமீட்டர் அளவில் தாழச் சுற்றுபவற்றில் அந்தச் சிக்கல் கிடையாது. அப்புறம் மின்சாரம் நீண்ட நேரம் போனால் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும். ஊரில் மின்வெட்டு எத்தனை நேரம் நீடிக்கும் என்று விசாரியுங்கள்.

தும்பி கேட்டது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்துவிட்டேன், அவரும் படித்தார். வாடகைக்குப் போவது என்று நேற்றே முடிவு செய்துவிட்டோம்.

இப்போது கையில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் தனி வீடு. பார்த்ததிலேயே அழகு அதுதான், வாடகையும் ஆகக் குறைவு. அக்கம்பக்கம் வீடு கிடையாது. இன்னொன்று மேட்டுச்சரிவில் ஒரு ஊருக்குள்ளேயே இருக்கும் வீடு, வாடகை அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல், சாதாரணமான வீடு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மருத்துவமனைக்கு 35 நிமிடம், பள்ளத்தாக்கிலிருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அறிவு இரண்டாவதைச் சொல்கிறது, மனசு முதலாவதிலேயே நிற்கிறது. மகளும் ஆற்றைப் பார்த்ததும் அங்கேதான் வேண்டும் என்கிறாள்.

கிணற்றடி சொன்னது:

ஆற்றங்கரை வீட்டின் சுவரைப் பார்த்தீர்களா? வெளிச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, அந்த மட்டத்துக்குக் கீழே மட்டும் புதிதாகப் பூசிய சிமென்ட், பக்கத்து மரக்கிளைகளில் தலைக்கு மேலே சிக்கியிருக்கும் சருகும் பிளாஸ்டிக்கும், இவை எல்லாம் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைக் காட்டிவிடும். அதே ஆற்றங்கரையில் பழைய காலத்து வீடுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பழையவை எல்லாம் மேட்டில் இருந்து, நீங்கள் பார்த்தது மட்டும் பள்ளத்தில் இருந்தால் காரணம் இருக்கும்.

நூறு வருட வெள்ளம் என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டு, நம் காலத்தில் வராது என்று நினைப்பவர்கள் நிறைய. அதற்கு ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். 30 வருடம் குடியிருந்தால் ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று! வாடகைக்கு ஒரு வருடம் என்றால் ஆபத்து குறைவுதான், ஆனால் வெள்ளத்தில் முதலில் அறுந்து போவது சாலை. அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே வேண்டாம்.

இன்னொன்று, இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். மேட்டில் இருப்பதைவிட அங்கே இரவுக் குளிரும் காலைப் பனியும் ஈரமும் அதிகம். மூட்டுவலி இருக்கிறவர்களுக்கு அது சுகமாக இருக்காது.

சத்தத்தையும் இரவில் தங்கிக் கேளுங்கள், இரண்டு வீட்டிலும். காற்றடிக்காத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே உள்ளது சூடாக இருக்கும், அப்போது சத்தம் மேலே போய்க் கலையாமல் தரைப்பக்கம் வளைந்து வெகுதூரம் வரும். பகலில் கேட்காத நெடுஞ்சாலை ராத்திரி இரண்டு மணிக்குக் காதோரத்தில் ஓடும்.

வாசல்திண்ணை சொன்னது:

நான் திரும்பி வந்தவள், அதனால் சொல்கிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது தனி வீடு. தண்ணீர், சாலை, இணையம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆள்தான் இல்லை. முதல் மூன்று மாதம் அந்த அமைதி சொர்க்கமாக இருந்தது. எட்டாவது மாதம், மாலை ஐந்து மணிக்கு மேல் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துத்தான் திரும்பினோம். பிறகு ஊருக்குள் வீடு பார்த்து மறுபடி போனவர்கள் எங்களோடு வேலை பார்த்த இன்னொரு குடும்பம், அவர்கள் இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

உங்கள் அம்மா வெளியே வர வேண்டும் என்கிறார். மண்ணில் நடப்பது ஒரு பக்கம், நடந்து போய்ப் பேச ஒரு ஆள் வேண்டாமா? வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் கடந்து போகிற வீடாகப் பாருங்கள், தும்பி. அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

ஊரும் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்த்துவிடுங்கள். பள்ளியில் முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாலே தெரிந்துவிடும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடும், பள்ளி மூடினால் இளம் குடும்பங்கள் போகும், அப்புறம் பேருந்து நிற்கும், மருந்துக்கடை மூடும். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் மட்டும் ஏறக்குறைய 90 லட்சம். இத்தாலியில் சில ஊர்கள் பெயருக்கு ஒரு விலை வைத்துப் பழைய வீடுகளைக் கொடுக்கின்றன, குறிப்பிட்ட வருடங்களுக்குள் பழுதுபார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீடு மலிவாகக் கிடைப்பது எங்கும் கடினமில்லை. சுற்றி ஒரு ஊர் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் கிடைப்பது அரிது.

ஆற்றை மகளுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். மேட்டு ஊரிலிருந்து ஆறு எவ்வளவு தூரம்?

தும்பி சொன்னது:

வாசல்திண்ணை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே மேட்டு ஊருக்கு மறுபடி கிளம்பிவிட்டோம். இம்முறை அம்மாவையும் அழைத்துப் போனோம். ஆறு நடந்தால் இருபத்தைந்து நிமிடம், மகள் கைக்கடிகாரம் வைத்து அளந்தாள். முதல் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், போன வருடம் பன்னிரண்டு என்று தலைமையாசிரியர் சொன்னார்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதனால் கிணற்றுக்கும் இதுதான் சரியான நேரம். 10 லிட்டர் வாளி 38 விநாடியில் நிரம்பியது, ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு 41. மேசை போடுகிற அறையில் சிக்னல் சுமார்தான், மாடியில் நன்றாக இருக்கிறது, கம்பிவழி இணைப்பு தெருமுனை வரை வந்திருக்கிறதாம், அதை விசாரிக்க வேண்டும். பெரிய வண்டி வாசலில் திரும்பும், பார்த்துவிட்டேன்.

நாங்கள் வாளியும் கையுமாக நின்ற நேரத்தில் அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால் மூன்று வீடு தள்ளி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பாட்டியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கிளம்பலாம் என்று மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாயிற்று, முடிவு வர ஒரு வாரம் ஆகும். இன்னொரு பாட்டிலை இப்போதுதான் சமையலறை ஜன்னலில் வைத்தேன். காலையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன், கிணற்றடி அண்ணா.